தொய்வுத் தடைமருந்தும் சிறு குழந்தைகளும்

குழந்தை ஓடியாடி விளையாடுகின்றது. இரவில் இருமலில்லை, இரைப்பில்லை. இத்தகைய பிள்ளைக்குக் காலையும் மாலையும் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டுமென்று வைத்தியர் கூறினால், பெற்றோர் மனம் அதனை எளிதில் ஏற்பதில்லை. "சுகமாயிருக்கிற பிள்ளைக்கு ஏன் மருந்து?" என்று அம்மம்மா கேட்பார். "பம்ப் பழகினால் பிறகு விடாது" என்று அயலவர் சொல்வர். விளைவு யாது? சில கிழமைகளில் மருந்து அலுமாரிக்குள் போய்விடுகின்றது. அடுத்த மழைக்காலத்தில் பிள்ளை நள்ளிரவில் வைத்தியசாலைக்குப் போகின்றது.

நேயர்களே, தொய்வென்றும் முட்டென்றும் நம்மவர் வழங்கும் ஆஸ்துமா நோயிலே மூச்சுக் குழாய்களில் இரண்டு காரியங்கள் நிகழ்கின்றன. குழாயைச் சூழ்ந்த தசை இறுகுகின்றது. குழாயின் உட்சவ்வு வீங்கிச் சளி சுரக்கின்றது. தசையின் இறுக்கத்தைச் சல்பியூற்றமோல் என்னும் மருந்து சில நிமிடங்களில் தளர்த்தும். ஆயின் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் வேலை தீர்ந்துவிடும். வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கமோ, இழுப்பு நின்ற பின்பும் நீறு பூத்த நெருப்பைப்போல உள்ளே கிடக்கும். அதனைத் தணிப்பதே தடைமருந்தின் தொழில். அதன் பயன் தெரிய நாட்கள், சிலருக்குக் கிழமைகள், செல்லும். ஆதலின் பிள்ளை நலமாயிருக்கும் வேளையே இம்மருந்துக்குரிய வேளையாகும். இழுப்பு வந்தபின் இதனைத் தேடுவது வீடு பற்றியெரியும்போது கிணறு தோண்டுவதை ஒக்கும்.

இளங் குழந்தைகளில் இரைப்பெல்லாம் தொய்வன்று என்பதையும் இடையில் சொல்லிவைக்க வேண்டும். தடிமன் காய்ச்சலோடு மாத்திரம் இரைந்து, வளர வளர அது நீங்கும் பிள்ளைகள் பலர். எவருக்குத் தடைமருந்து தேவை என்பதைப் பிள்ளையைப் பரிசோதித்த வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளையின் மருந்தை வாங்கிக் கொடுத்தல் ஆகாது.

இனி, அச்சத்தின் வேரைப் பார்ப்போம். தடைமருந்துகளுள் முதன்மையானது ஸ்டீரொயிட் வகையைச் சேர்ந்தது. முற்காலத்தில் இவ்வகை மருந்தைக் குளிசையாகவே நெடுநாள் கொடுத்தனர். முகம் ஊதி, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கண்ட தலைமுறை அப்பெயரைக் கேட்டதும் அஞ்சுவதில் வியப்பில்லை. 1972 ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் பெக்ளோமெதசோன் என்னும் ஸ்டீரொயிட் உள்ளிழுக்கும் மருந்தாக வந்தபின் நிலைமை மாறிற்று. கடும் இழுப்பின்போது 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பிரெட்னிசொலோன் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும் கொடுக்கப்படலாம். உள்ளிழுக்கும் தடைமருந்தோ, சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 100 முதல் 200 மைக்கிரோகிராம். அதாவது ஒரு மில்லிகிராமின் ஐந்திலொரு பங்குக்குள் அடங்குவது. இரண்டின் வீரியமும் வேறாதலின் இவ்வொப்பீடு முற்றும் பொருந்தாது. எனினும் வேண்டிய இடத்துக்கே செல்வதால் சிறிதளவு போதும் என்பதை அது காட்டும்.

தீங்கே இல்லையென்று கூறுவதும் நேர்மையன்று. வட அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்றின் முடிபு 2012 இல் வெளிவந்தது. நாள்தோறும் 400 மைக்கிரோகிராம் புடெசொனைட் பெற்றவர்கள், வளர்ந்தபின் ஏனையோரைவிடச் சராசரியாக 1.2 சென்ரிமீற்றர் குறைவான உயரம் உடையவராயிருந்தனர். ஒரு விரற்கடையிலும் குறைந்த இவ்வளவை, அடக்கப்படாத தொய்வு பறிக்கும் உறக்கத்தோடும், சில வேளை உயிரோடும் வைத்து நிறுக்க வேண்டும். நோயை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவையே கொடுப்பது வைத்தியர் கடன். பிள்ளையின் உயரத்தை ஆண்டுதோறும் அளந்து குறித்தல் நன்று.

மருந்தைக் கொடுக்கும் முறையில்தான் பயனும் பாதுகாப்பும் பெரிதும் தங்கியுள்ளன. பம்பை நேரே வாய்க்குள் அடித்தால் மருந்தின் பெரும் பகுதி நாவிலும் தொண்டையிலும் ஒட்டிவிடும். ஆகவே ஸ்பேசர் எனப்படும் பிளாஸ்ரிக் கூடு அவசியம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதனோடு முகமூடியும் வேண்டும். பம்பை நன்றாகக் குலுக்கி, முகமூடியை மூக்கும் வாயும் அடங்க இடைவெளியின்றிப் பொருத்தி, ஒருமுறை மாத்திரம் அழுத்துங்கள். பிள்ளை அமைதியாக ஐந்தாறு மூச்சு விடட்டும். இரண்டாம் முறை தேவையானால் மறுபடி குலுக்கியே அழுத்த வேண்டும். இரண்டையும் ஒன்றாக அடித்து வேலையை விரைவில் முடிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதனாற் பயன் குறைகின்றது.

அழுகின்ற பிள்ளையைப் பிடித்துவைத்துக் கொடுத்தால் மருந்து நெஞ்சுக்குள் மிகச் சிறிதளவே சேரும். முகமூடியை இரண்டு விரல் தள்ளிப் பிடிப்பதும் அப்படியே. முதலில் பாவைக்கு மருந்து கொடுத்து விளையாட விடுங்கள். மூச்சை ஒன்று, இரண்டு என்று இராகத்தோடு எண்ணுங்கள். சில நாட்பொறுமை பல மாத இழுபறியைத் தவிர்க்கும். கப்சூலை உடைத்துத் தூளை உறிஞ்சும் கருவி, வேகமாக உள்ளிழுக்க அறியாத சிறு பிள்ளைக்கு ஏற்றதன்று.

மருந்து கொடுத்தபின் பிள்ளைக்குத் தண்ணீர் பருகக் கொடுங்கள். கொப்பளிக்கத் தெரிந்தவன் கொப்பளித்துத் துப்பட்டும். முகமூடி பட்ட இடத்தையும் துடையுங்கள். இன்றேல் வாயில் வெண்படை தோன்றலாம். பல்துலக்குவதற்குச் சற்று முன் கொடுத்தால் மறதியும் குறையும். ஸ்பேசரை மாதம் ஒருமுறை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரிற் கழுவித் தானாக உலர விடுங்கள். துணியால் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலே ஒட்டிக்கொள்ளும்.

எண்ணி இல்லாத பம்பு தீர்ந்ததை ஆட்டிப் பார்த்து அறியமுடியாது. 200 முறைக்குரிய பம்பிலே நாளொன்றுக்கு நான்கு முறை எடுத்தால் ஐம்பதாம் நாள் தீர்ந்துவிடும். தொடங்கிய திகதியை அதன் மேல் எழுதிவையுங்கள். மறந்த வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுத்தல் தகாது. சட்டென நிறுத்துதலும் தகாது. பொதுவாக மூன்று மாதமளவு நோய் அடங்கியிருந்தால் வைத்தியரே படிப்படியாகக் குறைப்பார். மொன்ரெலுகாஸ்ட் என்னும் தடைமருந்தை வாயால் கொடுக்கலாம், எளிதுதான். ஆனால் அதனால் கெட்ட கனவும், மனக்குழப்பமும், முரட்டுக் குணமும் சிலருக்கு வருவதுண்டு. 2020 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதுபற்றிக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. குணம் மாறக் கண்டால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தடைமருந்து பெறும் பிள்ளைக்கும் இழுப்பு வரலாம். அப்போது கைகொடுப்பது சல்பியூற்றமோலே. தடைமருந்தும் வழமைபோலத் தொடரட்டும். விலாவிடை உட்குழிந்தால், பேசவோ உண்ணவோ முடியாதிருந்தால், உதடு நீலம் பாரித்தால், அல்லது சல்பியூற்றமோல் நான்கு மணி நேரமும் தாங்காவிட்டால், அடுத்த வேளைக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அத்தகைய அவசரமின்றியே கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் அம்மருந்து தேவைப்பட்டால் நோய் அடங்கவில்லை என்பது பொருள். கிளினிக்குக்குப் போகும்போது பம்பையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், வீட்டிலே கொடுப்பதுபோல வைத்தியர் முன்னிலையில் ஒருமுறை கொடுத்துக் காட்டுங்கள்.