தடுப்பூசி விமானத்தில் வந்தது. எல்லை எங்கள் கடலில் இறுகியது

2021 ஜனவரி 18ஆம் திகதி, நெடுந்தீவுக்கு அப்பால் தமிழக இழுவைப்படகு ஒன்று இலங்கைக் கடற்படைக் கலத்துடன் மோதி மூழ்கியது. அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழ அகதி. படகுதான் வந்து மோதியது என்றது கடற்படை. வேண்டுமென்றே இடித்து மூழ்கடித்தார்கள் என்றார்கள் தமிழகக் கடற்றொழிலாளர்கள்.

சரியாகப் பத்து நாட்கள் கழித்து, ஜனவரி 28ஆம் திகதி, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இந்திய விமானம் ஒன்று இறங்கியது. அதில் இருந்தவை 5 இலட்சம் கொவிஷீல்ட் தடுப்பூசிகள். இந்தியாவின் நன்கொடை. அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நேரில் போய் அதைப் பெற்றுக்கொண்டார்.

இரண்டு செய்திகளும் ஒரே மாதத்தில், அதே இரு நாடுகளுக்கு இடையில் நடந்தவை. ஆனால் ஒன்றையும் மற்றொன்றையும் யாரும் ஒரே மேசையில் வைத்துப் பேசவில்லை. தடுப்பூசி தலைநகரங்களின் விடயமாக இருந்தது. எல்லை மட்டும் பாக்குநீரிணையில் தொழில் செய்பவர்களின் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு என்ன நடந்தது, அடுத்த தொற்று வரும்போது மன்னார்க் கரையோர மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

விநியோகம் எப்படி நின்றது?

கொவிஷீல்ட் என்பது ஒக்ஸ்போர்ட் – அஸ்ட்ராசெனெகா தடுப்பூசியின் இந்தியத் தயாரிப்பு. புனேயிலுள்ள சீரம் நிறுவனம் அதைத் தயாரித்தது. வறிய நாடுகளுக்கு ஊசி வழங்க உலக சுகாதார நிறுவனமும் ஏனைய அமைப்புகளும் உருவாக்கிய கோவக்ஸ் திட்டமும் பெருமளவில் இந்த ஒரே நிறுவனத்தையே நம்பியிருந்தது.

நன்கொடையாக வந்த 5 இலட்சத்துக்குப் பின்னர், பெப்ரவரி இறுதியில் இலங்கை விலைக்கு வாங்கிய 5 இலட்சம் வந்தது. மார்ச் 7ஆம் திகதி கோவக்ஸ் ஊடாக 2 இலட்சத்து 64 ஆயிரம் வந்தது. இதை நம்பி 9 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு முதல் ஊசி போடப்பட்டது. ஒருவருக்கு இரண்டு ஊசி தேவை. மிகுதி வந்துவிடும் என்ற கணக்கில்தான் தொடங்கினார்கள்.

வரவில்லை. இந்தியாவில் இரண்டாவது அலை எழுந்தது. ஏற்றுமதிக்குத் தடை என்று இந்திய அரசு அறிவிக்கவில்லை. ஆனால் மார்ச் இறுதியிலிருந்து பெட்டிகள் வெளியேறுவது ஏறக்குறைய நின்றுபோனது. சொந்த நாட்டில் ஒட்சிசன் இல்லாமல் மக்கள் இறந்துகொண்டிருந்தபோது எந்த அரசும் இதைத்தான் செய்திருக்கும். இங்கே சுமார் 6 இலட்சம் பேர் ஒரு ஊசியுடன் காத்திருந்தார்கள். ஜூலை 31ஆம் திகதி ஜப்பான் கோவக்ஸ் வழியாக 7 இலட்சத்துக்கும் அதிகமான அஸ்ட்ராசெனெகா ஊசிகளை அனுப்பிய பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது.

அந்த இடைவெளியில் சீனா நுழைந்தது. மார்ச் 31ஆம் திகதி 6 இலட்சம் சினோபார்ம் நன்கொடையாக வந்தது. மே 7ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் அதற்கு அனுமதி அளித்தது. மறுநாளே இலங்கையர்களுக்குப் போடத் தொடங்கினார்கள். ஆண்டு முடியும்போது நாட்டில் மிக அதிகமாகப் போடப்பட்டிருந்தது சினோபார்ம்தான்.

ஊசியும் துறைமுகமும் தீவுகளும்

இந்திய நன்கொடை வந்து நான்கு நாட்களில், 2021 பெப்ரவரி 1ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவுடனும் ஜப்பானுடனும் சேர்ந்து நடத்தும் 2019ஆம் ஆண்டு உடன்பாட்டிலிருந்து அமைச்சரவை விலகியது. அதற்குச் சற்று முன்னர், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளில் மின் திட்டம் ஒன்றைச் சீன நிறுவனத்துக்கு வழங்க அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டுக்கு இவ்வளவு அருகில் சீனாவா என்று இந்தியா எதிர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தத் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. அதே மாதம் சீனத் தூதுவர் வடக்குக்கு வந்தார். மன்னாரில் கடற்படைப் படகில் ஏறி இராமர் பாலத்து மணல் திட்டுகள் வரை போய்ப் பார்த்தார்.

ஊசிக்குப் பதிலாக முனையம் கேட்டார்கள் என்றோ, ஊசிக்காகத் தீவைக் கொடுத்தார்கள் என்றோ காட்ட எந்த ஆவணமும் இல்லை. ஆனால் நன்கொடை என்பது கொடுப்பவரின் விருப்பத்தில் நிற்பது. எப்போது, எவ்வளவு, யாருக்கு என்பதை அவரே தீர்மானிப்பார். நிறுத்தினால் கேட்பதற்கு உரிமையில்லை. தீவுகளைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் பேசிய எந்தக் கூட்டத்திலும் அந்தத் தீவுகளின் மக்களோ, மன்னார் மக்களோ ஒரு தரப்பாக இருக்கவில்லை.

கடலில் நடந்தது

2021 மே முதல் வாரத்தில் இந்தியாவிலிருந்து வரும் பயணிகளுக்கு இலங்கை கதவடைத்தது. விமானம் வழியாக வருபவர்களைத் தடுப்பது எளிது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலோ சுமார் 30 கிலோமீற்றர்தான். வடக்கு, வடமேற்குக் கடலில் ரோந்து கூட்டப்பட்டது. இந்தியாவில் பரவிய புதிய திரிபு கடல் வழியாக வந்துவிடும் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியிருந்த காலம் அது. கடத்திவந்த மஞ்சள் மூட்டைகள் மன்னார்க் கரைகளில் அடிக்கடி பிடிபட்டன. நடுக்கடலில் கைமாற்றம் நடந்தது. ஆனால் அந்த ஒரு சிலருக்காக, கரையோரக் கிராமம் முழுவதும் நோய் வரும் வாசலாகப் பார்க்கப்பட்டது. ஏற்கெனவே 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன்சந்தையில் தொற்றுப் பரவி மீன் விலை விழுந்திருந்தது. இந்திய றோலர்கள் வலையை அறுக்கும் பிரச்சினை அப்படியே இருந்தது. எல்லையின் எல்லாச் சுமையும் வந்த இடத்துக்கு, ஊசி மட்டும் எல்லோரையும் போல வரிசையில்தான் வந்தது.

மண்டபத்தின் பழைய கதை

நோயும் எல்லையும் இந்தக் கடலில் சேர்ந்து வந்தது இது முதல் தடவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்ட தமிழகத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பாதை மூடப்பட்டது. பின்னர் 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியது. அந்தக் காலத்தில் மண்டபத்தில் இலங்கை அரசே, இந்திய மண்ணில், தனிமைப்படுத்தல் முகாம் ஒன்றை நடத்தியது. தொழிலாளர்கள் அங்கே நிறுத்திவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, அதன் பிறகே கப்பல் ஏற்றப்பட்டார்கள். தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டதால் இரு அரசுகளும் சேர்ந்து ஏற்பாடு செய்தன. தொழிலாளியிடம் யாரும் கேட்கவில்லை.

அதே மண்டபம்தான் போர்க்காலத்தில் எங்கள் சனத்தின் அகதி முகாம் ஆனது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் அந்த முகாமைத் தெரியாத வீடு குறைவு. 2022 மார்ச் 22ஆம் திகதி, பொருளாதார நெருக்கடி தாங்காமல் படகேறிய 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோதும், அவர்கள் கொண்டுசெல்லப்பட்டது மண்டபத்துக்குத்தான்.

எழுதி வைத்தால் என்ன மாறும்?

இலங்கையில் முதல் கொவிட் ஊசி போடப்பட்ட 2021 ஜனவரி 29ஆம் திகதியே, ஐரோப்பாவிலும் ஒரு தடுப்பூசிச் சண்டை நடந்தது. தங்களுக்கு வரவேண்டிய அஸ்ட்ராசெனெகா குறைந்ததால், அயர்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான எல்லையில் ஊசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக ஐரோப்பிய ஆணையம் அறிவித்தது. டப்ளின், இலண்டன், பெல்பாஸ்ட் மூன்றும் ஒரே குரலில் எதிர்த்தன. அன்றிரவே ஆணையம் பின்வாங்கியது. அதுவும் போர் கண்ட மண். ஆனால் 1998ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னர், அந்த எல்லையைத் தொட்டால் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எங்கள் போருக்குள்ளேயே உதாரணம் உண்டு. வன்னிக்குப் போகும் மருந்துக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவைப்பட்ட காலத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்திலும், 1990களின் நடுப்பகுதியிலிருந்து, போலியோ சொட்டு மருந்துக்காக அரசும் விடுதலைப் புலிகளும் குறித்த நாட்களில் சண்டையை நிறுத்த உடன்பட்டார்கள். யுனிசெப் இடையில் நின்று பேசியது. குளிர்ப்பெட்டிகள் காவலரண்களைத் தாண்டின. இரண்டு பக்கத்துக் குழந்தைகளுக்கும் மருந்து கிடைத்தது. அங்கே நட்பு இருக்கவில்லை. நாள், இடம், பொறுப்பாளர் என்று முன்கூட்டியே பேசிய ஏற்பாடு இருந்தது. 2021இல் நட்பு நாடுகள் என்று சொல்லிக்கொண்ட இரண்டுக்கும் இடையில் அந்த ஏற்பாடு இருக்கவில்லை.

நாங்கள் கேட்க வேண்டியவை

2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஊசி உற்பத்தியில் ஒரு பங்கை வறிய நாடுகளுக்கு ஒதுக்கும் முறை அதில் பேசப்படுகிறது. அது நாடுகளுக்கு இடையிலான கணக்கு. பாக்குநீரிணைக்கு வேறு கணக்கு தேவை.

கடற்றொழில் பிரச்சினைக்காக இந்தியாவும் இலங்கையும் 2016இல் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. றோலரும் கைதும் மட்டுமே பேசப்படும் அந்த மேசையில் மூன்று விடயங்களைச் சேர்க்கச் சொல்லலாம். தொற்றுக் காலத்தில் நடுக்கடலில் மறிக்கப்படுபவரை எப்படிச் சோதிப்பது, எங்கே வைப்பது என்று இரு கடற்படைகளுக்கும் ஒரே எழுத்து விதி. இரு கரையிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கும் முகாம்களில் இருப்பவர்களுக்கும் முன்வரிசையில் ஊசி. கரையோரத்தை மூடினால், மூடிய நாட்களுக்கு நிவாரணம்.

இவற்றைக் கேட்க அடுத்த நோய் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மன்னாரிலுள்ள கடற்றொழிலாளர் சங்கங்களும் மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அடுத்த சுற்றுப் பேச்சுக்கு முன்னரே இதை எழுத்தில் கொடுக்கலாம்.