குடித்தவருக்குச் சிறை, கடத்தியவருக்குச் சந்தை

2017 ஜூலையில் பீகாரின் ஜகானாபாத் நீதிமன்றம் சகோதரர்கள் இருவருக்கு ஐந்தாண்டு சிறையும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. செய்த குற்றம், குடித்தது. இருவரும் முசகர் சமூகத்துத் தினக்கூலிகள். பட்டியல் சாதிகளிலும் கடைசிப் படியில் நிறுத்தப்பட்ட, நிலமற்ற சமூகம் அது. மாநிலத்தின் புதிய மதுவிலக்குச் சட்டத்தில் முதலில் தண்டிக்கப்பட்டவர்கள் இவர்களே.

குடியால் அடியும் பட்டினியும் கண்ட பெண்கள் 2015இல் முதல்வர் நிதிஷ் குமாரிடம் கேட்டுப் பெற்றதுதான் மதுவிலக்கு. 2016 ஏப்ரலில் கடைகள் மூடப்பட்டன. பெண்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. சட்டமோ விற்றவரோடு குடிநோயாளியையும் கூண்டில் ஏற்றியது.

குடிநோய், சட்டம் போட்டதும் தீர்வதில்லை. பல ஆண்டு குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். சிகிச்சை எட்டாத ஊரில் அவர் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போகிறார். பிடிபட்டால் வழக்கு, கூலி இழப்பு, கடன். 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயம் 40க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. 2022 திருத்தப்படி, முதல்முறை பிடிபடுபவர் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் கட்டி வெளியே வரலாம். கட்ட முடியாதவருக்கு ஒரு மாதச் சிறை. பணம் உள்ளவருக்கு ரசீது, இல்லாதவருக்குக் கம்பி. இந்தச் சட்டத்தின் சுமை ஏழைத் தினக்கூலிகள் மீதே விழுகிறது என்று 2024இல் பாட்னா உயர் நீதிமன்றமும் கூறியது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. டாஸ்மாக் கடைகள் திறந்திருந்தபோதே, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இறந்தவர்களில் பலர் தலித்துகள். அதே ஆண்டு அக்டோபர் 2இல் உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி நடத்திய மகளிர் மாநாடு மது ஒழிப்பை வலியுறுத்தியது.

அந்தக் குரலோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம். கடையை மூடும் நாளுக்கு முன்பே குடிநோய் சிகிச்சை நம் வட்டார மருத்துவமனைக்கு வந்திருக்க வேண்டும். காவல்துறையின் கை சாராய வியாபாரியின் சட்டையில் விழட்டும், குடிநோயாளியின் சட்டையில் அல்ல. அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். வீட்டில் யாருக்கேனும் இன்றே உதவி தேவையென்றால், போதை மீட்புக்கான கட்டணமில்லா தேசிய எண் 14446.