பாஸ்டரம்மாவின் திங்கட்கிழமை

ஞாயிறு காலையில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குள் மீன் வாங்கும் கூட்டம் நெரிந்துகொண்டிருக்கும்போதே, அதன் ஓரமாக இன்னொரு கூட்டம் நகர்கிறது. தோளில் வேதாகமப் பை, கையில் சாப்பாட்டுத் தூக்கு, இஸ்திரி போட்ட சேலை, பின்னால் தூக்கக் கலக்கத்தோடு வரும் பிள்ளைகள். சிராங்கூன் சாலையைச் சுற்றி ஒரு நடை போனாலே எத்தனையோ ஆலயங்கள் கண்ணில் படும். செலிகி சாலைப் பக்கம் ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்டு ஆலயம், டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கன் கிறைஸ்ட் சர்ச், ஓஃபிர் சாலையில் கத்தோலிக்கரின் லூர்து மாதா ஆலயம், கம்போங் கபூர் சாலையில் பெரானாக்கான் மக்களுக்கென்று தொடங்கிய மெதடிஸ்டு ஆலயம். கட்டடத்தில் ஒரு தளத்தை வாடகைக்கு எடுத்துக் கூடும் சிறிய சபைகளும் உண்டு.

கத்தோலிக்கக் குருமார் மணம் முடிப்பதில்லை. மற்ற ஆலயங்களில், முன் வரிசையிலோ இரண்டாம் வரிசையிலோ போதகரின் மனைவி உட்கார்ந்திருப்பார். பிரசங்க மேடையில் அவருக்கு இடமில்லை. ஆனாலும் மேடையில் நிற்பவருக்கு இணையாக அவரையும் சபை பார்த்துக்கொண்டிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அவர் ஐயரம்மா, பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டரம்மா, சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த இளசுகளுக்கு ஆன்ட்டி. என்ன சேலை கட்டியிருக்கிறார், ஜெபத்தின்போது முக்காடு போட்டாரா, கழுத்தில் எவ்வளவு தங்கம், பிள்ளை ஆராதனையில் சத்தம் போட்டதா, முடிந்ததும் முதலில் யாரிடம் போய்ப் பேசினார் என்று எல்லாமே கணக்கில் ஏறும்.

இந்தக் கணக்கை எழுதிவைத்த புத்தகம் எது என்று தேடினால், கிடைப்பது மிகவும் கொஞ்சம். சபைத் தலைவர்களுக்கு இருக்க வேண்டிய தகுதிகளைப் பவுல் விரிவாகச் சொல்லும் இடம் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம். அங்கே பதினோராம் வசனத்தில் பெண்களைப் பற்றி ஒரே ஒரு வரி வருகிறது. கண்ணியம், புறங்கூறாமை, நிதானம், நம்பகம் என்ற நான்கு குணங்களை அந்த வரி கேட்கிறது. அது யாரைக் குறிக்கிறது என்பதில்தான் வழக்கு. மூலத்தில் இருக்கும் 'குனே' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பெண் என்றும் பொருள், மனைவி என்றும் பொருள். பழந்தமிழில் 'பெண்டு' என்ற சொல் இரண்டையும் குறித்ததுபோலத்தான். எனவே அது ஊழியர்களின் மனைவியருக்கான விதி என்று ஒரு சாராரும், ஊழியம் செய்த பெண்களுக்கான விதி என்று இன்னொரு சாராரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். பின்னலும் பொன்னும் முத்தும் விலையுயர்ந்த உடையும் வேண்டாம் என்ற அறிவுரை அதற்கு முந்தைய அதிகாரத்தில் இருக்கிறது. அது எல்லாப் பெண்களுக்கும் சொன்னது. போதகரின் மனைவிக்கென்று தனிப் பட்டியல் எதையும் வேதாகமம் தரவில்லை.

பேதுருவுக்கு மாமியார் இருந்ததை மாற்குவின் சுவிசேஷம் சொல்கிறது. ஜுரத்தில் கிடந்த அந்த அம்மாளை இயேசு குணமாக்கினார். மாமியார் இருந்தால் மனைவியும் இருந்திருப்பார் அல்லவா? பேதுருவின் பயணங்களில் அவரும் கூடப் போனார் என்பதைக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலிருந்து அறிகிறோம். ஆனால் வேதாகமத்தின் எந்தப் பக்கத்திலும் அவருடைய பெயர் இல்லை. அதே வேதாகமத்தில் பெபேயாளுக்குப் பெயர் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் தமிழ் வேதாகமம் அவரை ஊழியக்காரி என்றே அழைக்கிறது. ஊழியக்காரி வேறு, ஊழியக்காரரின் மனைவி வேறு. இந்த வேறுபாட்டை நம் சபைகள் குழப்பிக்கொண்டதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது.

சிங்கப்பூரில் அந்த வேறுபாடு தொடக்கத்தில் தெளிவாகவே இருந்தது. 1885ல் மெதடிஸ்டு மிஷன் இங்கே வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1887 ஜூலையில், சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண் வந்து இறங்கினார். வயது முப்பதை எட்டவில்லை, திருமணமும் ஆகவில்லை. அவரை அனுப்பியது அமெரிக்க மெதடிஸ்டு பெண்கள் தாங்களே பணம் திரட்டி நடத்திய ஒரு மிஷனரிச் சங்கம். மின்னியாபோலிஸ் நகரத்தைச் சேர்ந்த மேரி நைண்ட் என்ற அம்மையார், கையில் பணம் சேரும் முன்பே மூவாயிரம் டாலருக்கு வாக்குக் கொடுத்து இந்த ஊழியத்துக்கு வழி திறந்தார். பனி உறைந்த ஊரிலிருந்து பூமத்திய ரேகைக்கு அனுப்பிய காணிக்கை அது.

பிளாக்மோர் வந்த மறுமாதம், ஆகஸ்ட் 15 அன்று, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளிக்கூடம் திறந்தார். தங்கள் மகள்கள் படிக்க வேண்டும் என்று கேட்டுவந்தவர்கள் தமிழ்த் தகப்பன்மார். முதல் நாளில் உட்கார்ந்தவர்கள் ஒன்பது இந்தியச் சிறுமிகள். அதற்குப் பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. அதுதான் வளர்ந்து மெதடிஸ்டு பெண்கள் பள்ளியாகி, இன்று புக்கிட் தீமா பக்கம் பிளாக்மோர் டிரைவில் நிற்கிறது. பள்ளியோடு அவர் நின்றுவிடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினார், மலாய் பேசக் கற்றார், ஆதரவற்ற சிறுமிகளைத் தம்மோடு வைத்து வளர்த்தார். அந்த இல்லத்துக்கு நைண்ட் அம்மையாரின் பெயரையே வைத்தார்கள். அந்த வீட்டில் மலாய் மொழியில் கூடிய கூட்டங்கள் 1894ல் ஒரு சபையாக உருவெடுத்தன. இன்று கம்போங் கபூர் சாலையில் இருப்பது அந்தச் சபைதான்.

அக்காலப் பெண் மிஷனரிகளுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. உடை, நடத்தை, திருமணம் எல்லாவற்றிலும் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் அவை எழுத்தில் இருந்தன, கூடவே பதவியும் சம்பளமும் இருந்தன. பெண்களின் ஊழியத்துக்கும் சம மதிப்பு வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் ஒருவர் பிளாக்மோருக்கு முன்னரே இந்தியா வந்த இசபெல்லா தோபர்ன். சிங்கப்பூர் மிஷனைத் தொடங்கிய ஜேம்ஸ் தோபர்னின் தங்கை. லக்னோவில் அவர் பெயரில் இன்றும் கல்லூரி இருக்கிறது. 1870ல் அவர் வந்த புதிதில், அண்ணன் தம் கடிதங்களைக் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொன்னாராம். கொஞ்ச நாள் செய்த தங்கை, எனக்கும் கடிதங்கள் இருக்கின்றன, அவற்றைப் பிரதி எடுக்க எனக்கும் ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று சொல்லிவிட்டார். தம் வேலையைவிடத் தங்கையின் வேலை குறைந்தது என்று தாம் அறியாமலே நினைத்திருந்ததை அண்ணன் பிற்பாடு வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு சபைக் குழுவும் ஒரு முறையாவது படிக்க வேண்டிய பக்கம் அது.

மணமான பெண்ணுக்குக் கதை வேறு மாதிரிப் போயிற்று. சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதன். அவர் மனைவி அன்னா, திருநெல்வேலி மிஷனின் முன்னோடிப் போதகரான ஜான் தேவசகாயத்தின் மகள். அவர் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், வெளியே வராத இந்துப் பெண்களின் வீடுகளுக்குப் போய்ப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார், பிள்ளை வளர்ப்பைப் பற்றி 'நல்ல தாய்' என்று தமிழில் ஒரு நூலும் எழுதினார். நாற்பத்தாறு வயதில், 1878ல் காலமானார். ஊழியம் முழுவதையும் அவர் செய்த பிறகும், ஊர் அவரை அறிந்தது சத்தியநாதன் போதகரின் மனைவியாகத்தான். ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஊழியர் என்ற வழக்கம் அப்போதே வேர் பிடித்துவிட்டது.

நகை விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1890களின் இறுதியில் ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரியோடு திருநெல்வேலிக் கிராமங்களில் மாட்டுவண்டியில் சுற்றிய பெண்களின் குழு ஒன்று இருந்தது. அதில் முக்கியமானவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. அவரும் மற்றவர்களும் தங்கள் நகைகளைக் கழற்றினார்கள். ஊர் கொதித்தது. தமிழ்ப் பெண்ணுக்கு நகை அழகுக்கு மட்டுமா? அதுதான் அவள் பெயரில் இருக்கும் ஒரே சொத்து, குடும்பத்தின் மானம். அதைக் கழற்றியது அந்தப் பெண்கள் தாங்களாக எடுத்த முடிவு, அதில் பெரிய துணிச்சல் இருந்தது. 1920களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் முழுநேர ஊழியர்கள், ஆண்களும் பெண்களும், மணவாழ்வைத் துறந்து, வெள்ளை உடுத்தி, விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள். அதுவும் விரும்பி ஏற்ற விரதம்.

துணிச்சலாகத் தொடங்கிய ஒன்று தலைமுறைகள் தாண்டும்போது கண்காணிப்பாகிவிடுகிறது. இன்று ஒரே நகரத்தில், மெதடிஸ்டு போதகரின் மனைவி தாலியும் வளையலும் போட்டுக்கொண்டு வருகிறார். பெந்தெகொஸ்தே போதகரின் மனைவி கழுத்தில் ஒன்றும் இல்லாமல் வருகிறார். முன்னவர் வெறுங்கழுத்தோடு வந்தாலும் பேச்சு வரும், பின்னவர் ஒரு மெல்லிய சங்கிலி போட்டாலும் பேச்சு வரும். பொன்னம்மாள் தாமே எடுத்த முடிவை, இவர்கள் சார்பில் சபை எடுத்துவிடுகிறது.

இந்தப் பேச்சு தமிழ்ச் சபைகளுக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூர் முழுவதும் பேசப்பட்ட போதகர் மனைவி ஒருவர் உண்டு என்றால் அவர் சன் ஹோ. சிட்டி ஹார்வெஸ்ட் சபையைத் தொடங்கிய கோங் ஹீயின் மனைவி. 2002ல் தொடங்கிய கிராஸ்ஓவர் திட்டம், அவருடைய பாப் இசை வழியாகச் சபைக்கு வெளியே இருப்பவர்களை எட்டப் பார்த்தது. அதற்காகச் சபையின் நிதி முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதாக வழக்கு வந்தது. 2015 அக்டோபரில் கோங் ஹீ உள்ளிட்ட ஆறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. சம்பந்தப்பட்ட தொகை ஏறத்தாழ ஐந்து கோடி வெள்ளி. சன் ஹோ மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நீதிமன்றம் விசாரித்தது பணத்தை. காப்பிக்கடை மேசைகளில் விசாரிக்கப்பட்டதோ அந்தப் பெண்ணின் காணொளிகளும் உடையும். சபைப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கத் தயங்குகிறவர்கள்கூட, போதகரின் மனைவி என்ன உடுத்தினார் என்று பேசத் தயங்குவதில்லை. எது ஒழுக்கம் என்பதை இப்படித் தலைகீழாக எடைபோடுவது சபைக்கே ஆபத்து.

உண்மையில் போதகர் மனைவியின் மீது விழும் பெரிய பொறுப்பு கண்ணுக்குத் தெரியாதது. புருஷன் அடிக்கிறான் என்று சொல்ல வரும் பெண் முதலில் தேடி வருவது பாஸ்டரம்மாவைத்தான். போதகரிடம் சொல்ல முடியாததை அவர் மனைவியிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கை. அந்த இடத்தில், பவுல் கேட்ட புறங்கூறாமை ஓர் உயிரையே காக்கும். ஜெபக்குழுவில் 'ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்' என்று சாடையாகச் சொன்னாலே போதும், யார் என்று சபை கண்டுபிடித்துவிடும். ஆனால் வாயைக் கட்டுவது மட்டும் போதாது. ஜெபித்துப் பொறுத்துக்கொள் என்று திருப்பி அனுப்புவதற்கும், சிங்கப்பூரில் 1961 முதல் நடப்பில் இருக்கும் மாதர் சாசனத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், குடும்பச் சேவை நிலையத்துக்குப் போகலாம் என்று வழிகாட்டுவதற்கும் எவ்வளவு தூரம்! அதைச் சொல்லித்தர யாரும் போதகர் மனைவியைப் பயிற்சிக்கு அனுப்புவதில்லை. இறையியல் கல்லூரியில் படித்தது கணவர். துயரக் கதைகளைக் கேட்பது இவர்.

தமிழ்நாட்டிலிருந்து கணவரோடு வருகிறவருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஊரில் ஆசிரியையாகவோ தாதியாகவோ வேலை பார்த்தவர், இங்கே கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்த டிபெண்டன்ட் பாஸில் வந்தால் நினைத்தவுடன் வேலைக்குப் போக முடியாது. 2021 மே மாதத்திலிருந்து, அந்த அட்டை வைத்திருப்பவர் வேலை செய்ய வேண்டுமென்றால் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். அதனால் வீட்டில் இருக்கிறார். வீட்டில்தானே இருக்கிறார் என்று ஓய்வுநாள் பள்ளியும் பெண்கள் ஐக்கியமும் மருத்துவமனைச் சந்திப்பும் அவர் தலையில் ஏறுகின்றன. இங்கேயே பிறந்து அலுவலக வேலைக்குப் போகிறவருக்கோ எதிர்ப்பக்கத்திலிருந்து குறை வரும்: சபைக்கு அவருக்கு நேரமே இல்லை.

பெண் தானே போதகராகும் வழியும் உண்டு. மெதடிஸ்டு திருச்சபை 1956ல் பெண்களுக்கு முழு குருத்துவ உரிமை கொடுத்தது. அந்த முடிவை எடுத்த மாநாடு நடந்தது மேரி நைண்டின் மின்னியாபோலிஸில். தென்னிந்தியத் திருச்சபையில் 2013ல் புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானார். அதற்கெல்லாம் முன்பாக, 1944ல், போர்க்காலச் சீனாவில் ஃபுளோரன்ஸ் லீ டிம் ஓய் என்ற பெண் ஆங்கிலிக்கன் குருவானார், எதிர்ப்பு வந்ததும் இரண்டே ஆண்டில் அந்த உரிமையை விட்டு ஒதுங்க நேர்ந்தது. பெண் போதகரை ஏற்ற சபையிலும் ஒன்றைக் கவனிக்கலாம். அவருடைய கணவரிடம், ஞாயிறு மதியச் சமையலையும் சிறுவர் வகுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

சபைகள் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. புதிய போதகர் வரும்போது அவர் மனைவியிடம் உட்கார்ந்து, அம்மா, நீங்கள் எதைச் செய்ய விரும்புகிறீர்கள், எதை வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்கலாம். செய்கிற வேலை ஊழியம் என்றால் அதற்கு ஒரு பெயரும் பயிற்சியும் படியும் கொடுக்கலாம். அவர் மனம் திறந்து பேச, தம் சபையைச் சேராத ஒரு மூத்த பெண்ணை ஏற்பாடு செய்யலாம்.

இங்கே பல சபைகளில் போதகருக்குத் திங்கட்கிழமை ஓய்வு நாள். அன்று போதகரை யாரும் அழைப்பதில்லை, பாவம், நேற்றெல்லாம் நின்று பிரசங்கம் செய்திருக்கிறார் என்று விட்டுவிடுவார்கள். ஞாயிறு சாப்பாட்டின் பெரிய சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பாஸ்டரம்மாவின் கைப்பேசி அடிக்கிறது. ஈரக்கையைத் துடைத்துவிட்டு எடுக்கிறார். மறுமுனையில் ஒரு பெண்குரல்: "அம்மா, ஐயாவைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் உங்களுக்குப் போட்டேன்."