பழைய கூடும் புதிய சட்டமும்

இரண்டாவது உலகப் போர் முடிவுற்றபோது இந்தியாவில் எஞ்சிக் கிடந்த இராணுவத் தளவாடங்களுள் அமெரிக்க ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. ஏறத்தாழ 740 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் இரண்டு சிலிண்டர்களும் கொண்ட அவ்வெஞ்சின்கள், ஒரு மனிதரைச் சுமப்பதற்குத் தேவையானதைவிட மிகுந்த வலிமை வாய்ந்தவை. டில்லியில் அவற்றை வாங்கியோர் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் இரண்டு சக்கரங்களுள்ள அச்சொன்றையும், அதன்மேல் பயணிகள் அமரும் கூண்டொன்றையும் பிணைத்தனர். முன்பாதி போர்வீரனின் வாகனம். பின்பாதி ஊர்க் கொல்லனும் தச்சனும் செய்தது. எஞ்சின் எழுப்பிய ஓசையே இதற்கு ‘பட்பட்டி’ என்ற பெயரைத் தந்தது. கனாட் பிளேஸுக்கும் பழைய டில்லிக்கும் இடையே இவ்வண்டிகள் பல்லாண்டுகள் மக்களை ஏற்றிச் சென்றன.

காலம் செல்லச் செல்லப் பழைய எஞ்சின்கள் தேய்ந்தன. உதிரிப் பாகங்கள் கிடைக்கவில்லை. ஆகவே பல வண்டிகளில் டீசல் எஞ்சின் இடம்பெற்றது. எஞ்சினைத் தாங்கும் சட்டமும் அதற்கேற்ப மாறியது. இறுதியில் ஹார்லியின் உறுப்பென்று சுட்டத்தக்கவை முன்கவையும் கைப்பிடியும் போன்ற சிலவே. காற்று மாசினைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகளின் விளைவாக 1990-களின் இறுதியில் பட்பட்டிகள் தெருவினின்றும் நீங்கின. எனினும் அவை எழுப்பிய வினா நீங்கவில்லை. உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறிய பின்னர் எஞ்சி நிற்பது பழைய வண்டியா, புதிய வண்டியா?

இவ்வினா இன்று வேறோர் உருவில் எழுகின்றது. பழைய ஜீப்பு, பழைய பிக்கப் லாரி ஆகியவற்றின் கூட்டை மட்டும் எடுத்து, அண்மைக் காலத்து வண்டியொன்றின் சட்டத்தின்மேல் அமர்த்துவது பலருக்கு ஆசையாகவும், சில பட்டறைகளுக்குத் தொழிலாகவும் உள்ளது. அமெரிக்காவில் 1947 முதல் 1950-களின் இடைப்பகுதி வரை வெளிவந்த ஷெவர்லே பிக்கப் கூடுகளை, பிற்காலத்து எஸ்-10 என்னும் சிறு பிக்கப்பின் சட்டத்தில் ஏற்றுவது பரவலான வழக்கம். இந்தியாவிலும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் 1954 வரை பம்பாயில் வண்டிகளைப் பொருத்தி விற்றதால், ஷெவர்லே இந்நாட்டிற்குப் புதிய பெயரன்று. ஆயினும் டில்லியிலும், அரியானாவின் சிர்சா மாவட்டத்து மண்டி டப்வாலியிலும் பட்டறைக்காரரின் கைக்கு மிகுதியாக வருவது ஜீப்புத்தான். போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பின் தோற்றமும் மகிந்திரா வண்டியின் எஞ்சினும் ஒன்றாய் அமைய வேண்டுமென்பதே விரும்புவோரின் கோரிக்கை.

கூட்டையும் சட்டத்தையும் பிரிக்கலாம் என்பது தமிழ்நாட்டாருக்கு விளக்க வேண்டாத செய்தி. கரூரில் பஸ்ஸுக்கும், நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும் ‘பாடி கட்டுவது’ பெருந்தொழில். கூடு கட்டப்படாத வெறுஞ்சட்டத்தின்மேல் பலகையொன்றில் அமர்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்லும் டிரைவரைக் காணாதவர் அரியர். இரண்டு நீண்ட எஃகு விட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்கு விட்டங்களும் சேர்ந்து ஏணிபோல் அமைந்ததே சட்டம். எஞ்சின், அச்சுகள், ஸ்பிரிங்குகள், ஸ்டியரிங் ஆகிய யாவும் அதனையே பற்றி நிற்கின்றன. மாறாக, 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் காரில் இத்தகைய தனி ஏணிச் சட்டம் இல்லை. கூடே பளுவைத் தாங்கும் வகையில் அமைந்தது. அதனைப் பிரித்தெடுத்து வேறொன்றின்மேல் வைப்பதென்பது நண்டின் ஓட்டை ஆமைக்கு மாட்டுவதை ஒக்கும்.

சட்டத்தின் வலிமை எங்கே உள்ளது என்பதை வகுப்பறையிலேயே விளக்கலாம். 30 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள அளவுகோலொன்றைத் தட்டையாகப் பிடித்து நடுவில் அழுத்தினால் எளிதில் வளையும். அதையே விளிம்பு மேலாக நிறுத்தி அழுத்தினால் வளைப்பது அரிது. பொருளும் எடையும் மாறவில்லை. வளைவை எதிர்க்கும் திறன் மட்டும் கணக்கின்படி 100 மடங்காகிறது. ஆழம் 10 மடங்காயின் எதிர்ப்பு அதன் முப்படியாகிய 1000 மடங்கு உயர்கின்றது. அகலம் பத்திலொன்றாகக் குறைந்ததால் அதனைப் பத்தால் வகுக்கக் கிடைப்பது 100. லாரியின் விட்டம் அகலத்தைவிட ஆழம் மிகுந்திருப்பதன் காரணம் இதுவே. பளு ஏறும்போது விட்டத்தின் மேல்விளிம்பு நசுங்க முயல்கின்றது, கீழ்விளிம்பு இழுபட முயல்கின்றது. இரண்டிற்கும் இடைப்பட்ட நடுக்கோட்டில் வளைவினால் ஏற்படும் தகைவு இல்லையென்றே கூறலாம். ஆகவே துளையிட வேண்டுமெனில் பக்கச் சுவரில், நடுக்கோட்டை ஒட்டி இடுவதே முறை. பழைய கூட்டின் துளைகள் புதிய சட்டத்தின் துளைகளுக்கு நேராக அமையாதபோது, அவசரக்காரர் மேல்விளிம்பிலோ கீழ்விளிம்பிலோ துளையிட்டு விடுகின்றனர். விரிசல் தோன்றுவது பெரும்பாலும் அங்கேதான்.

கூட்டிற்கும் சட்டத்திற்கும் இடையே ரப்பர் வில்லைகள் வைப்பதும் அழகுக்காக அன்று. மேடுபள்ளமான பாதையில் ஏணிச் சட்டம் முறுக்குண்கிறது; அது முறுக்குண்ணுமாறே செய்யப்பட்டது. கூட்டை நேரே இறுக்கி விட்டால் அம்முறுக்கு முழுதும் கதவுத் தூண்களின் மூலைகளுக்குச் சென்று, எழுபதாண்டுத் தகட்டைக் கிழிக்கும்.

இனி அளவைப் பார்க்கலாம். முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடைப்பட்ட தூரம் வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் 80 அங்குலம், அதாவது 2032 மில்லிமீட்டர். 2010-இல் வெளிவந்த மகிந்திரா தார் வண்டியில் அது 2430 மில்லிமீட்டர். வேறுபாடு 398 மில்லிமீட்டர், ஒரு முழத்திற்குச் சற்றே குறைவு. பழைய கூட்டைப் புதிய சட்டத்தில் வைத்தால் முன்சக்கரம் தன் வளைவுக்குள் அமையும்போது பின்சக்கரம் வெளியே நிற்கும். இதற்கு இரண்டே வழிகள் உள. கூட்டை வெட்டி நடுவில் தகடு சேர்த்து நீட்டலாம். அல்லது சட்டத்தை வெட்டிக் குறுக்கலாம்.

கூட்டை நீட்டினால் தோற்றம் கெடும். வில்லிஸின் அழகே அதன் குறுகிய உருவத்தில்தான் இருக்கின்றது. நீட்டப்பட்ட வில்லிஸ் பழகிய கண்ணுக்கு உடனே வேறாகத் தோன்றும். ஆகையால் தோற்றத்தில் பற்றுடையோர் சட்டத்தைக் குறுக்கத் துணிகின்றனர். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. வெட்டி ஒட்டிய இடத்தில் பற்றவைப்பின் வெப்பம் அருகிலுள்ள எஃகின் இயல்பை மாற்றுகின்றது. செங்குத்தாக வெட்டி ஒட்டிய விட்டத்தில் அக்கோடு முழுவதும் ஒரே குறுக்குவெட்டில் அமைவதால், விரிசல் ஒருமுறை தொடங்கினால் தங்குதடையின்றி ஓடும். தேர்ந்த பட்டறைகளில் சாய்வாகவோ படிபோலவோ வெட்டி, உட்புறம் வலுவூட்டும் தகடு சேர்ப்பதுண்டு. அதனால் ஆபத்துக் குறையும். தொழிற்சாலையில் உருவான முழு விட்டத்திற்கு அது நிகராகிவிடாது.

நீளம் குறைவதால் வேறொரு விளைவும் உண்டு. பிரேக் போடும்போது வண்டியின் எடையில் ஒரு பகுதி பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. மிதிவண்டியில் முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்திய சிறுவன் ஒவ்வொருவனும் இதனை உடம்பால் அறிந்தவன். இவ்வாறு மாறும் எடை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்திற்கு நேர் விகிதத்திலும், அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்திற்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். 2430 மில்லிமீட்டரை 2032 ஆகக் குறைத்தால், மற்றவை மாறாதிருக்க, மாறும் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகும். பின்சக்கரங்கள் லேசாகி முன்னதாகவே சுழற்சி நின்று வழுக்கத் தொடங்கும். ஈரச் சாலையில் வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடக்கூடும். பிரேக் பங்கீடு நீண்ட சட்டத்திற்கென்று தொழிற்சாலையில் கணக்கிடப்பட்டது என்பதை வெட்டுபவர் நினைப்பதில்லை. திரும்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு கோணத்தில் சாயுமாறு அமைந்த ஸ்டியரிங் இணைப்பும் அச்சுகளின் தூரத்தைக் கொண்டே வகுக்கப்படுவது. அதுவும் பிழைபடும், டயர் தேய்வு முதலில் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு இடர்ப்பாடுகள் இருந்தும் மக்கள் இவ்வேலையை நாடுவதற்குத் தக்க காரணம் இல்லாமல் இல்லை. வில்லிஸின் எஞ்சின் 60 குதிரைத் திறன் உடையது. தாரின் டீசல் எஞ்சின் 105. வில்லிஸுக்கு நான்கு சக்கரங்களிலும் 9 அங்குல டிரம் பிரேக்குகளே. வேகம் இருமடங்காயின் நிறுத்துவதற்கு அழிக்க வேண்டிய ஆற்றல் நான்மடங்காகிறது. எனவே பழைய சட்டத்தில் புதிய எஞ்சினை மட்டும் ஏற்றிப் பழைய பிரேக்கை விட்டுவைப்பவரைவிட, எஞ்சினும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒருங்கே பொருந்திய முழுச் சட்டத்தையும் மாற்றுபவர் அறிவுடையவர் என்றே சொல்ல வேண்டும். மின்சாரத்திலும் அவ்வாறே. வில்லிஸின் மின்னமைப்பு 6 வோல்ட். இக்காலத்து வண்டிகளில் 12. 36 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் 3 ஆம்பியரே. கம்பியின் தடை ஒன்றாயின், அதில் வீணாகும் வெப்பம் நான்கில் ஒரு பங்காகக் குறைகின்றது. ஆனால் பழைய 6 வோல்ட் விளக்கைக் கழற்றாமல் 12 வோல்ட்டில் இணைத்தவர் அதன் ஒளியை ஒரு கணமே காண்பார்.

பொறியியல் இங்ஙனமிருக்க, அரசாங்கம் இதனை எவ்வாறு நோக்குகின்றது? தமிழில் ‘சட்டம்’ என்னும் சொல் இரண்டிற்கும் பொதுவாக அமைந்தது இவ்விடத்திற்கு மிகப் பொருந்தும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்றும் வேறுபடுமாறு உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது. மாற்றம் என்பது வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாறுதல் என அப்பிரிவே விளக்கம் தருகின்றது. வேறு எரிபொருளுக்கு மாறுவது போன்ற சிலவற்றிற்கு நிபந்தனையுடன் இடமுண்டு. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இத்தடையை உறுதி செய்தது. அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கின்றது.

டில்லிவாசிக்கு மற்றுமொரு நெருக்கடி உண்டு. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர வட்டாரத்தில் ஓடலாகாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஆணைகளை, உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் நிலைநிறுத்தியது. அதன் பின்னரும் நீதிமன்றத்தில் இப்பொருள் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. புதிய சட்டத்தில் ஏறிய பழைய கூட்டிற்கு, சட்டத்தின் வயதே வயது. பத்தாண்டு கடந்த டீசல் சட்டத்தின்மேல் அமர்ந்த வில்லிஸ் கூட்டினை, அது 1944-இல் பிறந்தது என்று கூறிக் காப்பாற்ற முடியாது.

இதற்கு நேர்மாறான பாதையும் ஒன்றுண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகள், 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்கள் எனத் தனியே பதிவு செய்ய வழிவகுத்தன. மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்னும் எழுத்துக்கள் எண்பலகையில் இடம்பெறும். முதற்பதிவுக்கு 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். அன்றாடப் பயணத்திற்கோ வாணிகத்திற்கோ அவ்வண்டியை ஓட்டலாகாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றிற்கே சாலைக்கு வரலாம். யாவற்றினும் முதன்மையான நிபந்தனை, வண்டி தன் மூல வடிவிலேயே காக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் நிகழ்ந்திருத்தல் கூடாது.

இதன் பொருள் எளிது. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் வில்லிஸ், தன் பழைய சட்டத்தோடு இருக்கும்வரை இத்தகுதியைக் கோரலாம். கூட்டைத் தூக்கி வேறு சட்டத்தில் வைத்த அன்றே அத்தகுதியை இழக்கின்றது; புதிய சட்டமும் தன் பதிவு விவரங்களோடு பொருந்தாமற் போகின்றது. நல்ல வண்டிகள் இரண்டு இருந்த இடத்தில், ஆவணப்படி ஒன்றுகூட இல்லை. இவ்வேலைக்குப் பெருந்தொகை செலவிட்டபின் இதனை அறிபவர் பலர். கழற்றிய பழைய சட்டத்தைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டவருக்குத் திரும்பிச் செல்லும் வழியும் அடைபடும். இம்முயற்சியில் இறங்குவோர் வேறொன்றும் செய்யாவிடினும், கழற்றிய சட்டத்தையாவது எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தி வைத்தல் நலம்.

பதிவு அலுவலகத்தில் இவ்வினாவிற்கு விடை காணும் முறை மிகச் சாதாரணமானது. விட்டத்தில் பொறித்த எண்ணின்மேல் படிந்த சாயத்தையும் மண்ணையும் சுரண்டி, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கின்றனர். பள்ளிப் பிள்ளைகள் நாணயத்தின்மேல் தாளை வைத்துத் தேய்ப்பது போன்றதே இதுவும். தாளில் எழும் எண் பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கின்றதா என்று பார்க்கின்றனர். கூடு எவ்வளவு பளபளத்தாலும் அந்தத் தாளில் பதிவதில்லை.