பம்மி தப்பிச்சுட்டா... அப்புறம் என்ன ஆச்சு? `ஆஷ்ரம்' சொல்லாமல் விட்ட பாதிக் கதை!

"மல்யுத்தம் தெரிஞ்ச பொண்ணு. ஒருத்தனைத் தூக்கிப் போட்டு அடிக்கிற தெம்பு இருக்கு. முதல்லயே கிளம்பி வந்திருக்க வேண்டியதுதானே?"

தோழி வீட்டில் `ஆஷ்ரம்' வெப் சீரிஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா கேட்ட கேள்வி இது. எங்கள் யாரிடமும் பதில் இல்லை. கடைசி எபிசோடு வரை பார்த்த பிறகு, சீரிஸிடமும் பதில் இல்லை என்று புரிந்தது. என் ஏமாற்றம் அங்கேதான் ஆரம்பித்தது.

(கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் உஷார்!)

பிரகாஷ் ஜா இயக்கிய `ஆஷ்ரம்' 2020 ஆகஸ்ட்டில் எம்எக்ஸ் பிளேயரில் வெளியானது. `கங்குவா'வில் சூர்யாவுக்கு வில்லனாக வந்த பாபி தியோல்தான் இதில் பாபா நிராலா. `ஸ்டார்' படத்தில் கவினுடன் நடித்த அதிதி போஹன்கர், பம்மி என்கிற தலித் மல்யுத்த வீராங்கனை. பாபாவைக் கடவுளாக நம்பி ஆசிரமத்துக்குள் போகும் பம்மி, அவராலேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகி, தப்பித்து வெளியே வருகிறாள்.

ஆரம்ப எபிசோடுகளை மனசாரப் பாராட்டலாம். சாதியின் பெயரால் பம்மியின் குடும்பம் அவமானப்படுகிறது, அடிபடுகிறது. யாரும் எட்டிப்பார்க்காத நேரத்தில் பாபா வந்து நிற்கிறார். "இவர் நமக்காக வந்தவர்" என்று அந்தக் குடும்பம் நம்புவதில் என்ன தப்பு? ஒரு வலை எப்படி விரிக்கப்படுகிறது என்பதை இந்த இடம் அழகாகக் காட்டிவிட்டது.

பிரச்னை அதற்கப்புறம்தான். பம்மி வெளியே வந்ததும் அவள் `துரத்தப்படும் பெண்' ஆகிவிடுகிறாள். 2022-ல் வந்த மூன்றாவது சீசனில் ஓட்டமோ ஓட்டம். 2025 பிப்ரவரியில் வந்த அதன் இரண்டாம் பகுதியில், பழிவாங்கும் திட்டத்தோடு ஆசிரமத்துக்கே திரும்புகிறாள். நடுவில் கேமரா பாபாவின் சிம்மாசனத்தையும், அரசியல் பேரங்களையும், அடியாட்களையும்தான் சுற்றுகிறது. ராத்திரி அவளுக்குத் தூக்கம் வந்ததா, கடவுள் என்று நம்பியவர் இப்படிச் செய்த பிறகு யாரைத்தான் நம்பினாள்? ஐந்து வருஷம் காத்திருந்தும் தெரியவில்லை.

சரி, சீரிஸ் சொல்லாததை நாம் பேசுவோம்.

`கல்ட்'னா என்ன?

நம்ம ஊரில் `கல்ட்' என்றால் முதலில் `கல்ட் கிளாசிக்' படம்தான் ஞாபகம் வரும். இங்கே அர்த்தம் வேறு. ஒரு தலைவர், கேள்வி கேட்க முடியாத அதிகாரம், உறுப்பினர்களின் வாழ்க்கை முழுவதையும் பிடிக்குள் வைத்திருக்கும் ஒரு குழு. சாமியார் மடமாகத்தான் இருக்கணும் என்றில்லை. அமெரிக்காவில் `நெக்ஸியம்' என்ற குழு சுயமுன்னேற்ற வகுப்பு நடத்தித்தான் ஆள் சேர்த்தது. அதன் தலைவர் கீத் ரனியேருக்கு 2020-ல் 120 ஆண்டுகள் சிறைத்தண்டனை கிடைத்தது.

மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன், கொரியப் போரில் பிடிபட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்களிடமும், சீனாவில் `சிந்தனைச் சீர்திருத்தம்' என்ற பெயரில் வதைக்கப்பட்டவர்களிடமும் பேசி, 1961-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஒருவரின் சிந்தனையை ஒரு குழு எப்படிக் கைப்பற்றுகிறது என்பதற்கு அதில் அவர் 8 அடையாளங்களைச் சொன்னார். பின்னாளில் ஸ்டீவன் ஹாசன் என்பவர் இதை நான்கு வகைகளாகச் சுருக்கினார். நடத்தை, தகவல், சிந்தனை, உணர்ச்சி. இந்த நான்கும் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள் என்கிறார் அவர். ஹாசன் இளம் வயதில் அப்படியொரு குழுவில் சிக்கி வெளியே வந்தவர்.

`மூளைச்சலவை' என்ற சொல்லைச் சமூகவியலாளர்கள் பலர் ஏற்பதில்லை. மனிதர்கள் பொம்மைகள் இல்லை, அவர்கள் ஏதோ ஒரு தேவைக்காகத்தான் போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். பம்மியையே எடுத்துக்கோங்க. அவளுக்குத் தேவைப்பட்டது மரியாதை. அது வெளியே கிடைக்கவில்லை.

ஏன் முதல்லயே கிளம்பலை?

முதலில் அன்பு மழை. "எங்க குடும்பத்துல ஒருத்தி நீ" என்பார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். போன், பழைய நண்பர்கள், சம்பளம், தூக்கம். ஒருநாளில் நடந்தால் யாரும் ஓடிவிடுவோம். மாசக்கணக்கில், ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக நடக்கும்போது எது எல்லை என்றே தெரியாது.

அதோடு, உள்ளே நுழைந்தவர் தனி ஆளும் இல்லை. அண்ணன், அண்ணி, அப்பா, அம்மா என்று மொத்தக் குடும்பமும் பக்தர்கள். கிளம்பினால் இழப்பது பாபாவை மட்டுமா? வீட்டையும்தான். மல்யுத்தத்தில் எதிராளியைத் தூக்கிப் போடலாம். இங்கே எதிராளி யார் என்றே பல நாள் தெரியாதே!

வெளியே வந்தால் முடிஞ்சுதா?

இல்லை. `அன்பிரேக்கபிள் கிம்மி ஷ்மிட்' என்ற அமெரிக்க காமெடி சீரிஸை இங்கே சொல்லியே ஆகணும். எட்டாம் வகுப்பில் கடத்தப்பட்டு, 15 வருஷம் ஒரு போலிப் பாதிரியாரின் நிலத்தடி அறையில் இருந்த பெண் கிம்மி. முதல் எபிசோடு ஆரம்பத்திலேயே அவளை மீட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் வருவதுதான் மொத்தக் கதையும். வேலை தேடுகிறாள், வாடகை கொடுக்கிறாள். பை ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே பதறிப்போகிறாள். 2011-ல் வந்த `மார்த்தா மார்சி மே மார்லீன்' படமும் அப்படித்தான். தப்பித்து வந்து அக்கா வீட்டில் தங்கும் பெண், தான் இன்னும் உள்ளே இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்றே புரியாமல் தவிப்பாள்.

நிஜத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு பாட்டு, ஒரு வாசனை போதும், மனசு பழைய இடத்துக்கே போய்விடும். சாப்பாடு, துணி மாதிரி சின்ன விஷயத்தில்கூட முடிவெடுக்கத் தெரியாமல் திணறுவார்கள். உள்ளே இருந்தபோது தானும் இன்னொருவரைச் சேர்த்துவிட்டோமே என்ற குற்றவுணர்ச்சி வேறு. கொடுமை நடந்த இடத்தையே சில நேரம் ஏக்கத்தோடு நினைப்பார்கள். நண்பர்கள், பாட்டு, ஒரு நோக்கம் எல்லாமே அங்கேதானே இருந்தது? பம்மி திரும்பவும் ஆசிரமத்துக்குப் போகிறாள் என்றதும் நான் இந்த ஏக்கத்தைத்தான் எதிர்பார்த்தேன். கிடைத்தது `ரிவெஞ்ச்' மட்டும்.

15 வருஷக் காத்திருப்பு

`ஆஷ்ரம்' கற்பனைக் கதை. ஆனால், நம் நாட்டு நீதிமன்றங்கள் பார்த்த நிஜங்கள் உண்டு. 2002-ல் ஒரு பெண் துறவி, பெயர் போடாமல் அன்றைய பிரதமர் வாஜ்பாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். தேரா சச்சா சௌதா தலைவர் குர்மீத் ராம் ரஹீம் மீதான பாலியல் புகார் அது. தன் குடும்பமே அவருடைய தீவிர பக்தர்கள் என்றும் அதில் எழுதியிருந்தார். தீர்ப்பு வந்தது 2017 ஆகஸ்ட்டில். இரண்டு பெண்கள் தொடர்பான வழக்கில் தலா 10 ஆண்டுகள் என மொத்தம் 20 ஆண்டுகள் சிறை. அந்தத் தீர்ப்பு நாளில் வெடித்த வன்முறையில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

2002-லிருந்து 2017 வரை. அந்த 15 வருஷமும் சாட்சி சொன்ன பெண்கள் ஒவ்வொரு நாளும் எழுந்து, சமைத்து, பயந்து, கோர்ட்டுக்குப் போய்த்தானே வாழ்ந்திருப்பார்கள்? டிராமா இல்லையா இது?

நம்ம வீட்டுல ஒருத்தர்னா?

உள்ளே இருப்பவரிடம் "உன் குரு ஃபிராடு" என்று சண்டை போடாதீர்கள். "வெளியுலகம் நம்மை எதிர்க்கும்" என்று அங்கே ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நீங்கள் அதை நிரூபித்த மாதிரி ஆகிவிடும். தொடர்பை மட்டும் அறுக்காதீர்கள். பிறந்தநாளுக்கு ஒரு போன், "சாப்பிட்டியா?" என்று ஒரு மெசேஜ் போதும். திரும்பி வருகிற வழி அதுதான். வந்துவிட்டால், "அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தையை மென்று முழுங்கிவிடுங்கள். மன உதவிக்கு டெலி மனாஸ் 14416, வன்முறையில் சிக்கிய பெண்களுக்கு 181, குழந்தைகள் என்றால் 1098.

இதையெல்லாம் தோழியின் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், டிவியை மியூட்டில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"சரிம்மா... அந்தப் பொண்ணு வெளியே வந்தாளே, முதல் நாள் ராத்திரி எங்க தங்குனா? யாரு சோறு போட்டா?"

அடுத்த சீசன் என்று ஒன்று வந்தால், அதிலிருந்து ஆரம்பிங்க டைரக்டர் சார்!