வலது இதயம் ஏன் வீங்குகிறது?

இதயத்தின் வலது கீழறைச் சுவர் மெல்லியது. 3 முதல் 5 மி.மீ.தான். இடது சுவர் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். காரணம், வலதறையின் வேலை லேசானது. பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பினால் போதும். அங்கே சராசரி அழுத்தம் சுமார் 14 மி.மீ. பாதரசம். அது 20-ஐத் தாண்டினால் நுரையீரல் ரத்த அழுத்த நோய்.

நுரையீரல் தமனிகள் குறுகும்போது வலதறை முதலில் தடித்துச் சமாளிக்கிறது. முடியாதபோது விரிந்து, நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது. எக்கோ ஸ்கேன் திரையில் வட்டமாகத் தெரியவேண்டிய இடதறை பாதி நிலாபோல் தட்டையாகிவிடும். ஓட்டக்காரரின் இதயமும்தான் பெரிதாகிறது. ஆனால் ஓட்டம் நின்றதும் அதன் சுமை இறங்கிவிடும். நோயாளியின் இதயத்துக்குத் தூக்கத்திலும் ஓய்வில்லை. படியேறினால் மூச்சு வாங்குவது இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம்; அதை 'வயசாச்சு' என்று ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இந்த நோய்க்கு மருந்துகள் உண்டு. சில்டெனாஃபில் தமனியைத் தளர்த்தும். 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோடாடெர்செப்ட், தமனிச் சுவர் தடிப்பதையே தடுக்கப் பார்க்கிறது.

உடற்பயிற்சி? ஒருகாலத்தில் 'அசையாதே' என்றார்கள். 2006-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மருத்துவர்கள், மருந்து எடுத்துவந்த 30 பேரை ஆராய்ந்தார்கள். 15 வாரம் மிதமான சைக்கிள், நடை, மூச்சுப்பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஆறு நிமிட நடையில் 111 மீட்டர் வித்தியாசம் வந்தது! கால் தசையும் மூச்சுத்தசையும் வலுப்பதால், அதே இதயத்தைக்கொண்டு கூடுதல் தூரம் நடக்க முடிகிறது. ஆனால் மருத்துவர் மேற்பார்வை கட்டாயம். அளவு மீறினால் மயக்கம் வரும்.