காடு காப்போர் – 7: ஆறு லட்சம் கிலோமீட்டர் நடை

2018-ல் நடந்த அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்புக்குக் கின்னஸ் சான்றிதழ் கிடைத்தது. தானியங்கி கேமரா வைத்து அதுவரை உலகில் நடந்த கானுயிர்க் கணக்கெடுப்புகளிலேயே பெரியது அதுதானாம். 26,838 இடங்களில் கேமரா. மூன்று கோடியே நாற்பத்தெட்டு லட்சம் படங்கள். அவற்றில் புலி விழுந்த படங்கள் மட்டும் 76,651. பத்திரிகைகள் இந்த எண்களை ஆசையாகப் போட்டன. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் உண்டு: 5,22,996 கிலோமீட்டர். புலித்தடமும் எச்சமும் தேடிக் காட்டுக்குள் நடந்தே கடந்த தூரம் அது. 2022 கணக்கெடுப்பில் இது 6,41,449 கிலோமீட்டர் ஆனது. இதைத் தலைப்பில் போட்ட செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை.

அந்தக் கால்கள் யாருடையவை? அதிகாரிகளும் ஆராய்ச்சி மாணவர்களும் தன்னார்வலர்களும் நடந்தார்கள்தான். ஆனால் ஒவ்வொரு பீட்டிலும், அதாவது காவல் பகுதியிலும், ஐந்து கிலோமீட்டர் தடம் பிடித்து, வேறு வேறு நாட்களில் மறுபடியும் மறுபடியும் போய்ப் பார்க்கிற வேலையில் முன்னே போகிறவர் பெரும்பாலும் வனத்துறையின் கடைசிப் படியில் இருப்பவர். தமிழ்நாட்டில் அவருக்கு வேட்டைத் தடுப்புக் காவலர் என்று பெயர். ஊரில் ‘வாட்சர்’ என்றால் போதும். அவருக்கு மேலே வனக்காவலர், வனக்காப்பாளர், வனவர், அதற்கும் மேலே ரேஞ்சர். விருது மேலிருந்து கீழே இறங்கிவரும்போது எந்தப் படியில் நின்றுபோகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்தியமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். பண்ணாரியில் ஏறி, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் கடந்தால் திம்பம். அப்புறம் ஆசனூர், தாளவாடி. வீரப்பன் உலவிய காடு. 2013-ல் புலிகள் காப்பகமானது. 2010-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய பதின்மூன்று புலி நாடுகள் 2022-க்குள் புலிகளை இரட்டிப்பாக்குவோம் என்று உறுதி சொல்லியிருந்தன. அதைச் செய்து காட்டியதற்கான ‘டிஎக்ஸ் 2’ விருது 2022 ஜனவரியில் சத்தியமங்கலத்துக்கு வந்தது. 2011-ல் 25 என்று கணக்கிடப்பட்ட புலிகள் 80 ஆகியிருந்தன. ஒரு தலைமுறைக்கு முன்பு அந்திக்குப் பின் ஆள் நுழைய அஞ்சிய காட்டில் இது நடந்தது. வீரப்பன் போனது ஒரு காரணம், காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கூடியது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் தினமும் நடந்துகொண்டிருந்தது.

அந்த நடையில் என்ன இருக்கிறது? சுருக்குக் கம்பி. பிரேக் ஒயரை வளைத்து முயலுக்கும் மானுக்கும் தரையோடு தரையாகக் கட்டியிருப்பார்கள். மாட்டுவது சிறுத்தையாகவும் இருக்கும். உன்னிச்செடிப் புதருக்குள் அதைக் கண்டுபிடிக்க, மடங்கிய புல்லைப் படிக்கத் தெரிய வேண்டும். அவுட்டுக்காய் என்ற வெடி காட்டுப்பன்றிக்கு வைப்பது. கடித்த யானைக்கு வாய் சிதறிவிடும். பிப்ரவரி வந்தால் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். தீ பிடித்துவிட்டால் பச்சைத் தழைக்கொத்தால் அடித்துத்தான் பெரும்பாலும் அணைக்கிறார்கள். யானை லத்தி எவ்வளவு சூடு என்று தொட்டுப் பார்த்து, கூட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று சொல்வார்கள். கைப்பேசிச் செயலி வந்திருக்கிறது; நடந்த பாதையை அது பதிவு செய்யும். லத்தியின் சூட்டைப் பதிவு செய்யாது.

பகல் இப்படி என்றால், இரவு கரும்புக்காட்டில். யானை இறங்கிவிட்டது என்று விவசாயி போன் செய்தால் டார்ச்சும் பட்டாசுமாக ஓட வேண்டும். அங்கே யானையைவிட விவசாயியின் கோபத்தைச் சமாளிப்பதுதான் கடினம். பயிர் போன வயிற்றெரிச்சலுக்கு முன்னால் நிற்பது வனத்துறை மந்திரியில்லை, அதே ஊரைச் சேர்ந்த வாட்சர்.

இந்த வேலையில் செத்தவர்களை நாம் ஓரளவு நினைவில் வைத்திருக்கிறோம். 1987-ல் வீரப்பன் கடத்திக் கொன்ற சத்தியமங்கலத்து வனத்துறை அதிகாரி சிதம்பரத்தை இளைய தலைமுறைக்குத் தெரியாது. 1991 நவம்பரில் கொல்லப்பட்ட பி.ஸ்ரீநிவாஸை ஓரளவு தெரியும். அவர் கர்நாடகப் பகுதியில் பணியாற்றிய ஐ.எஃப்.எஸ். அதிகாரி. வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்தில் போய்த் தங்கி, ஊராருக்கு மருத்துவ வசதி செய்து கொடுத்து, மாரியம்மன் கோயில் கட்டக் காரணமாக இருந்தவர். சரணடைகிறேன் என்று வீரப்பன் சொல்லியனுப்பியதை நம்பி, ஆயுதமில்லாமல் போய் உயிரை விட்டார். கீர்த்தி சக்ரா பின்னால் வந்தது. கோபிநத்தத்து மக்கள் இன்றும் அவரைக் கும்பிடுகிறார்கள். இரண்டில் எது பெரிது என்று கேட்டால், கொன்றவனின் ஊரே கும்பிடுகிறதே, அதைத்தான் சொல்வேன்.

உலக ரேஞ்சர் நாள் ஜூலை 31. 1992-ல் சர்வதேச ரேஞ்சர் கூட்டமைப்பு தொடங்கிய தேதி அது. 2007 முதல் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் செப்டம்பர் 11 தேசிய வனத் தியாகிகள் நாள். 1730-ல் ராஜஸ்தானின் கேஜர்லியில் வன்னி மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெட்டுப்பட்ட 363 பிஷ்னோய் மக்களின் நினைவாக. மலர்வளையம், மௌன அஞ்சலி, துப்பாக்கி முழக்கம். குறை சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு என்ன என்பதுதான் என் கேள்வி.

வழி இல்லாமல் இல்லை. ‘தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியபோது, அதில் வந்த யானைப் பராமரிப்பாளர்கள் பொம்மனுக்கும் பெள்ளிக்கும் தமிழக அரசு தலா ஒரு லட்சம் கொடுத்தது. அதோடு விடாமல் தெப்பக்காடு, கோழிகமுத்தி யானை முகாம்களின் 91 பேருக்கும் தலா ஒரு லட்சம், குடியிருப்பு கட்ட ஒன்பது கோடிக்கு மேல். இருவரைப் பாராட்டப் போய் எல்லாருக்கும் வீடு என்று யோசித்தது நல்ல விஷயம். ஆனால் அதற்கு ஒரு படமும் ஹாலிவுட் மேடையும் தேவைப்பட்டது. சுருக்குக் கம்பி பொறுக்குகிறவரை வைத்து யார் படம் எடுப்பார்கள்?

வாட்சர்களில் பலர் இருளர், ஊராளி, சோளகர், குறும்பர், மலசர். தொகுப்பூதியத்தில் வேலை. பத்தாண்டு நிறைத்தவர்களை அரசு சில தடவை வனக்காவலராக நிரந்தரம் செய்திருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் பலர் இந்த வேலையில் நிற்கிறார்கள். இவர்களைத் தனியார் ஏஜென்சியின் கீழ் கொண்டுபோகும் பேச்சு சில ஆண்டுகளுக்கு முன் எழுந்தபோது முதுமலையிலும் ஆனைமலையிலும் எதிர்ப்பு கிளம்பியது. சம்பளத்தைவிட அவர்களை உலுக்கியது வேறொன்றாக இருக்க வேண்டும். ஏஜென்சி மாறினால் ஆள் புது ஆள். ஒன்பது வருடம் நடந்தவருக்குப் பத்தாவது வருடத்தை யார் எண்ணுவார்கள்?

(தொடரும்)